அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் ஒரு மாதம்: முதியோர் குடியிருப்பில் தங்கிப் பார்க்க முழுமையான வழிகாட்டி

பெண் பார்க்கப் போனால்கூட பஜ்ஜி சொஜ்ஜியைத் தின்றுவிட்டு, "ஊருக்குப் போய் லெட்டர் போடறோம்" என்றுதான் சொல்வார்கள். "நீங்க என்னங்க, ரெண்டு மணி நேரம் சுத்திப் பாத்துட்டு வீடே வாங்கறேங்கறீங்க" என்று என் மனைவி கேட்டிராவிட்டால் நான் அன்றைக்கே செக் எழுதியிருப்பேன்.

கோயம்புத்தூருக்கு மேற்கே தொண்டாமுத்தூர் பக்கம் ஒரு குடியிருப்பு. டிசம்பர் மாதம், இதமான வெயில், பின்னால் மலை. எனக்கு 70 வயது, அவளுக்கு 66. திருச்சி கே.கே. நகரில் சொந்த வீடு. மாடித் தண்ணீர்த் தொட்டி வருடத்துக்கு இரண்டு முறை ஒழுகும், நான் ஏணியில் ஏறுவேன், பெங்களூரிலிருந்து மகள் போனில் திட்டுவாள். அதனால்தான் இடம் தேடக் கிளம்பினோம். மனைவி தடுத்ததால் அடுத்த ஜூலையில் அதே இடத்தில் 31 நாள் தங்கினோம். முடிவில் அதை வேண்டாமென்று விட்டு, இன்னொரு இடத்தில் மறுபடி தங்கிப் பார்த்தோம். இரண்டு முறையும் கற்றுக்கொண்டதை வரிசையாகச் சொல்கிறேன். கோவையை வைத்துத்தான் சொல்ல முடியும். இருபது வருடத்துக்கு மேலாக இந்த மாதிரிக் குடியிருப்புகள் அங்கே பெருகியிருக்கின்றன, எனக்குத் தெரிந்ததும் அதுதான்.

முதல் படி: பழைய வீட்டைத் தொடாதீர்கள்

தங்கிப் பார்த்து முடிக்கும்வரை இருக்கிற வீட்டை விற்கவோ விலை பேசவோ வேண்டாம். உணர்ச்சிக்காகச் சொல்லவில்லை, இரண்டு கணக்குகள் இருக்கின்றன.

ஒன்று, பதிவுச் செலவு. தமிழ்நாட்டில் சாதாரணக் கிரயப் பத்திரத்துக்கு முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். ஏற்கெனவே ஒருவர் வைத்திருந்த 50 லட்ச ரூபாய் வீட்டை மறுவிற்பனையில் வாங்கினால் பதிவுக்கே நாலரை லட்சம் போய்விடும். ஆறு மாதத்தில் பிடிக்கவில்லை என்றால் அந்தப் பணம் திரும்பாது. புதிதாகக் கட்டிய அடுக்குமாடி வீட்டின் முதல் விற்பனைக்கு இது சற்றுக் குறைவு, அதுவும் லட்சங்களில்தான். ஒரு மாதம் தங்கிப் பார்க்க இதில் சிறு பங்குகூட ஆகாது.

இரண்டாவது, வருமான வரி. பழைய வீட்டை விற்ற லாபத்துக்கு வரிவிலக்கு வேண்டுமென்றால், விற்ற தேதியிலிருந்து இரண்டு வருடத்துக்குள் வேறு வீடு வாங்க வேண்டும், கட்டுவதாக இருந்தால் மூன்று வருடம். விற்ற அன்றே கடிகாரம் ஓட ஆரம்பித்துவிடும். கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு வீடு தேடுகிறவன் சரியாகத் தேட மாட்டான். இன்னொன்று, சில இடங்களில் வீட்டைக் கிரயம் செய்து தர மாட்டார்கள். பெரிய தொகையை டெபாசிட்டாக வாங்கிக்கொண்டு ஆயுள் முழுக்க குடியிருக்கும் உரிமையை மட்டும் தருவார்கள். அந்த டெபாசிட் "வீடு வாங்கியதாக" வரிக் கணக்கில் வருமா என்பதை ஆடிட்டரிடம் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

கிரயம், ஆயுள்கால லீஸ், மாத வாடகை என மூன்று வகையும் கோவையில் இருக்கின்றன. நீங்கள் பார்க்கும் இடம் எந்த வகை என்று தெரிந்துகொண்டு போனால் போதும். பத்திரத்தைப் பற்றிக் கடைசியில் பேசலாம்.

இரண்டாவது படி: மோசமான மாதத்தைத் தேர்ந்தெடுங்கள்

டிசம்பர், ஜனவரியில் கோவையைப் பிடிக்காதவர் யார்? வெளிநாட்டிலிருந்து பிள்ளைகள் லீவில் வந்து பெற்றோரைக் கூட்டிக்கொண்டு இடம் பார்ப்பதும் அப்போதுதான். விற்பனை அலுவலகத்தில் நிற்க இடமிருக்காது.

ஜூன் பிறந்தால் பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் காற்று அடிக்க ஆரம்பிக்கும். மலையடிவாரத்தில் நாள் முழுக்கத் தூறலும் ஈரமும். துணி காயாது, மூட்டு வலிக்கும், ஆஸ்துமா இருப்பவருக்கு இளைக்கும். ஏப்ரல், மே மாதங்களில் வெயிலும் தண்ணீர்ப் பிரச்சினையும். அக்டோபர், நவம்பரில் அடைமழை. உங்கள் உடம்புக்கு எது ஆகாதோ அந்த மாதத்தில் போங்கள். என் மனைவிக்கு முழங்கால், ஆகவே ஜூலை.

கால அளவு: மூன்று நாள் என்பது விருந்தாளி வாசம். பத்து நாளில் குறைகள் தெரிய ஆரம்பிக்கும். ஒரு மாதம் இருந்தால்தான் அந்தக் குறைகளோடு நம்மால் காலம் தள்ள முடியுமா என்று தெரியும்.

மூன்றாவது படி: தங்க இடம் கேட்பது

விற்பனைப் பிரிவினர் பெரும்பாலும் கெஸ்ட் ரூமைக் காட்டுவார்கள். ஏசி, மெத்தை, தினமும் ரூம் கிளீனிங் எல்லாம் இருக்கும். அது வேண்டாம். நீங்கள் வாங்க நினைக்கும் அளவிலேயே காலியாக இருக்கும் வீட்டைக் கேளுங்கள். நிர்வாகத்திடம் இல்லையென்றால், உள்ளே வீடு வாங்கிவிட்டு இன்னும் குடிவராத உரிமையாளர்கள் எப்போதும் சிலர் இருப்பார்கள். அவர்களிடமிருந்து ஒரு மாதத்துக்கு வாடகைக்குக் கிடைக்கும். வாசல் செக்யூரிட்டியைக் கேட்டாலே எந்த வீடு காலி என்று சொல்லிவிடுவார்.

வாடகை, சாப்பாடு, மின்சாரம், துணி துவைப்பு, டாக்டர் பார்த்தால் கட்டணம், டெபாசிட் எத்தனை நாளில் திரும்பும், இவற்றையெல்லாம் ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். "நீங்கள் வீடு வாங்கினால் இந்த மாத வாடகையைக் கழித்துக்கொள்கிறோம்" என்று சில இடங்களில் சொல்வார்கள். நல்ல சலுகைதான். ஆனால் முப்பதாயிரத்தை மிச்சப்படுத்த ஐம்பது லட்சத்தைப் போடுகிற புத்தி நமக்கெல்லாம் உண்டு என்பதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

போகும்போது உங்கள் தலையணை, காபி ஃபில்டர், ஒரு மாத மருந்து, படிக்கிற புத்தகம், சுவாமி படம் என்று அன்றாடம் தொடுகிற சாமான்களை எடுத்துப் போங்கள். மருதமலை, பேரூர், ஊட்டி என்று கிளம்பிவிடாதீர்கள். முதல் பதினைந்து நாள் பிள்ளைகளையும் வரவிடாதீர்கள். பேரன் வந்தால் எந்த இடமும் நன்றாகத்தான் இருக்கும்.

நான்காவது படி: முதல் வாரம், வீடும் ஆபத்துக்கு உதவியும்

வீட்டைப் பகலில் பார்த்தாயிற்று, ராத்திரியில் பாருங்கள். கட்டிலிலிருந்து பாத்ரூமுக்கு விளக்குப் போடாமல் நடக்க வழி இருக்கிறதா? ஈரத்தில் தரை வழுக்குகிறதா? சுவரில் இருக்கும் பிடிகம்பியை உங்கள் முழு எடையோடு இழுத்துப் பாருங்கள். ஒரு டேப் கொண்டுபோய்க் கதவுகளை அளவெடுங்கள். சக்கர நாற்காலி தாராளமாக நுழைய 900 மில்லிமீட்டர் அகலம் வேண்டும். பாத்ரூம் கதவில்தான் எல்லோரும் மிச்சம் பிடிப்பார்கள். சாய்தளம் ஒரு அடி உயர 12 அடி நீளம் இருக்க வேண்டும். லிஃப்டில் ஸ்ட்ரெச்சர் படுக்கைவாட்டில் போகுமா என்று கேளுங்கள். குடிக்க என்ன தண்ணீர், குளிக்க என்ன தண்ணீர் என்பதைக் கேட்கவே வேண்டாம், பத்து நாளில் வாளியின் ஓரத்தில் படியும் வெள்ளை உப்பு சொல்லிவிடும்.

அடுத்து எமர்ஜென்சி பட்டன். எல்லா வீட்டிலும் இருக்கும், எல்லா விற்பனையாளரும் பெருமையாகக் காட்டுவார்கள். நிர்வாகத்திடம் "இந்த வாரத்தில் ஒருநாள் சோதித்துப் பார்ப்பேன்" என்று மட்டும் சொல்லி வைத்தேன். நாளைச் சொல்லவில்லை. ராத்திரி இரண்டு மணிக்கு அழுத்தினேன். முதல் இடத்தில் 22 நிமிடம் கழித்து ஒரு செக்யூரிட்டி டார்ச்சோடு வந்து, "சார், கரண்ட் போயிடுச்சா?" என்றார். நர்ஸ் அன்றைக்கு லீவாம், மாற்று ஆள் போடவில்லை. இரண்டாவது இடத்தில் நாலு நிமிடத்தில் நர்ஸ் பிரஷர் மிஷினோடு வந்து, சோதனை என்று தெரிந்ததும் சலித்துக்கொண்டார். அந்தச் சலிப்பு எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

ஆஸ்பத்திரி தூரத்தைக் கிலோமீட்டரில் கேட்காதீர்கள். ஒரு வாடகைக் கார் பிடித்து, மாலை ஆறரை மணிக்கு ஒரு தடவை, விடிகாலையில் ஒரு தடவை போய்ப் பாருங்கள். கோவையின் பெரிய ஆஸ்பத்திரிகள் அவினாசி ரோடு, பீளமேடு, மேட்டுப்பாளையம் ரோடு என்று பரவிக் கிடக்கின்றன. மேற்கே மலையடிவாரத்திலிருந்து அவினாசி ரோட்டுக்குப் போக வேண்டுமென்றால் ஊரையே குறுக்காகக் கடக்க வேண்டும். பக்கவாதம் வந்தால், ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும். அதற்கு முன் சி.டி. ஸ்கேன் எடுக்க வேண்டும். ஆகவே "பக்கத்தில் ஆஸ்பத்திரி இருக்கிறது" என்றால், "24 மணி நேரமும் ஸ்கேன் உண்டா?" என்பதுதான் அடுத்த கேள்வி. உங்கள் இன்சூரன்ஸில் கேஷ்லெஸ் வசதி அங்கே உண்டா என்பது அதற்கடுத்த கேள்வி. ஆம்புலன்ஸ் வளாகத்தில் நிற்கிறது என்றால் ராத்திரி டிரைவர் எங்கே தூங்குகிறார் என்றும் கேளுங்கள். அவர் தன் வீட்டில் தூங்குகிறார் என்றால் 108-ஐ நம்புவதே மேல்.

தொண்டாமுத்தூர், மதுக்கரை போன்ற மலையடிவாரப் பகுதிகளுக்கென்று தனியாக ஒரு கேள்வி உண்டு: யானை வருமா? வரும். சில மாதங்களில் இருட்டிய பிறகு கேட்டுக்கு வெளியே போகக் கூடாது என்பார்கள். சாயங்கால நடைக்குப் போகிறவர் இதையும் யோசிக்க வேண்டும்.

ஐந்தாவது படி: டைனிங் ஹாலில் உட்காருங்கள்

பெரும்பாலான புகார்கள் சாப்பாட்டைப் பற்றித்தான் என்று முன்பே சொன்னார்கள். நான் அலட்சியமாக இருந்தேன். முதல் வாரம் ருசியாக இருந்தது. இரண்டாவது வாரம் அதே செவ்வாய்க்கிழமை அதே அரிசி உப்புமா வந்தபோதுதான் மெனு சுழல்கிறது என்று புரிந்தது. மூன்றாவது வாரம் என் மனைவி மின்சார அடுப்பில் ஒரு வத்தக்குழம்பு வைத்தாள். பக்கத்து வீட்டிலிருந்து கிண்ணத்தோடு வந்துவிட்டார்கள்.

பார்க்க வேண்டியவை: கோவைக் குடியிருப்புகளில் பல சைவம் மட்டும்தான், வீட்டுக்குள்ளும் அசைவம் சமைக்கக் கூடாது என்று சில இடங்களில் விதி. வெங்காயம் பூண்டு இல்லாத பந்தி தனியாக உண்டா? சர்க்கரைக்காரர்களுக்குத் தனிச் சமையலா, இல்லை அதே சாதத்தில் அளவைக் குறைப்பதா? இரவு பலகாரம் ஏழு மணிக்கே முடிந்தால் பத்து மணிப் பசிக்கு என்ன செய்வது? ஊருக்குப் போகும் நாட்களுக்குச் சாப்பாட்டுப் பணம் கழிப்பார்களா? சமையல்காரர் மாறி எத்தனை நாளாயிற்று? கடைசிக் கேள்விக்கு ஊழியர் சொல்லும் பதிலை விட அங்கே குடியிருப்பவர்கள் சொல்லும் பதில் நீளமாக இருக்கும்.

ஆனால் ருசியை விட முக்கியமான ஒன்றை நான் தாமதமாகத்தான் கவனித்தேன். முதல் இடத்தில் டைனிங் ஹால் பெரியது, ஆனால் காலியாகவே கிடந்தது. எல்லோரும் டிபன் கேரியரில் வீட்டுக்கு வரவழைத்துக்கொண்டார்கள். நாங்களும் அப்படியே. வசதிதானே! அதன் விலை என்ன என்பது அடுத்த படியில்.

ஆறாவது படி: ஒருவர் மட்டும் ஒரு வாரம்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியைத்தான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள்.

வீடு வாங்கும்போது இரண்டு பேராகத்தான் போகிறோம். ஆனால் இரண்டு பேரில் ஒருவர் அங்கே தனியாகச் சில வருடங்கள் இருக்கப் போகிறார். யார் என்று தெரியாது. இதை வாய்விட்டுச் சொல்ல நம் வீடுகளில் கூச்சம், அபசகுனம் என்று வாயைப் பொத்துவார்கள். நாங்கள் அப்படிச் சொல்லிக்கொள்ளவில்லை. "நான் ஒரு வாரம் பெங்களூர் போய் பேத்தியைப் பாத்துட்டு வரேன், நீங்க இருங்க" என்றாள் அவள். ஏன் போகிறாள் என்று எனக்கும் தெரியும்.

முதல் நாள் சுகமாக இருந்தது. இரண்டாம் நாள் கேரியர் வந்தது, சாப்பிட்டேன், கழுவி வைத்தேன். மூன்றாம் நாள் மாலை மகளுடன் போனில் பேசியபோது குரல் கட்டியிருந்தது. அன்று முழுக்க நான் பேசியது பால் கொண்டுவருபவரோடும் செக்யூரிட்டியோடும் மட்டும்தான். அந்த இடத்தில் எங்களுக்கு இருந்த அத்தனை பழக்கமும் அவள் பிடித்துவைத்த பழக்கம் என்று அப்போதுதான் தெரிந்தது. பஜனைக் குழு, கோலம் போடும்போது நிற்கும் பேச்சு, வத்தக்குழம்புக் கிண்ணம். அவள் இல்லாதபோது ஒருவரும் என் கதவைத் தட்டவில்லை. தட்ட வேண்டுமென்று அவர்களுக்குத் தோன்றவும் நியாயமில்லை.

பிறகு நான் திருச்சிக்குப் போய் அவள் ஒரு வாரம் தனியாக இருந்தாள். அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. கரண்ட் பில்லை ஆன்லைனில் கட்டத் தெரியவில்லை என்பது ஒன்றுதான் குறை, அதைக் கற்றுக்கொண்டாள்.

இரண்டாவது இடத்தைத் தேர்ந்தெடுத்ததே இதனால்தான். துடியலூர் பக்கம், மலைக்காட்சி கிடையாது, கட்டடம் பழையது. ஆனால் நடமாட முடிந்த எல்லோரும் ஹாலுக்கு வந்துதான் சாப்பிட வேண்டும், கேரியர் நோயாளிக்கு மட்டும். ஒருவர் இரண்டு வேளை வரவில்லையென்றால் யாராவது போய்ப் பார்ப்பார்கள். என் தனி வாரத்தில் அங்கே மூன்றாம் நாள் ஒரு முன்னாள் ஆசிரியர் என்னைச் சீட்டாட்டத்துக்கு இழுத்துவிட்டார். இருபத்தெட்டு ஆடத் தெரியாது என்றதற்கு, "தெரியாதவங்கதான் எங்களுக்கு வேணும்" என்றார்.

ஏழாவது படி: கேட்கக் கூச்சப்படும் கேள்விகள்

புதிதாக வந்தவர்கள் தங்கள் முடிவை நியாயப்படுத்துவார்கள். ஐந்து வருடத்துக்கு மேல் இருப்பவர்களைத் தேடிப் பிடித்துப் பேசுங்கள். பராமரிப்பு ஒப்பந்தம் எத்தனை முறை கைமாறியது, மெயின்டனன்ஸ் எவ்வளவில் ஆரம்பித்து எவ்வளவில் நிற்கிறது, சங்கக் கூட்டத்தில் கணக்கு வைக்கிறார்களா என்று கேளுங்கள்.

பிறகு இவை: நடக்க முடியாமல் போனால் இதே வீட்டில் இருக்கலாமா, வேறு பிளாக்குக்கு மாற்றுவார்களா? வெளியிலிருந்து அட்டெண்டர் வைத்துக்கொள்ள அனுமதி உண்டா, அவர் எங்கே தூங்குவார்? ஞாபக மறதி நோய் வந்தவரை வைத்துக்கொள்கிறார்களா, வெளியேறச் சொல்கிறார்களா?

கடைசியாக ஒன்று. யாராவது இறந்துபோனால், பிள்ளைகள் வெளிநாட்டிலிருந்து வரும்வரை உடலை வீட்டிலேயே ஐஸ் பெட்டியில் வைக்க விடுவார்களா? காரியங்கள் செய்ய இடம் உண்டா? மேனேஜரிடம் இதைக் கேட்டபோது என் மனைவி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவரோ அலமாரியிலிருந்து ஒரு அச்சடித்த தாளை எடுத்துக் கொடுத்தார். எந்தச் சாஸ்திரிகள், எந்த வண்டி, எந்த மயானம், மரணச் சான்றிதழுக்கு யாரைப் பார்ப்பது என்று எல்லாம் இருந்தது. முதல் இடத்தில் இந்தக் கேள்விக்கு, "அதெல்லாம் இப்ப எதுக்கு சார்" என்றார்கள்.

எட்டாவது படி: பணமும் பத்திரமும்

தங்கிய மாதம் முழுக்கக் கணக்கு எழுதுங்கள், ஆட்டோ, வேலைக்காரம்மா, பண்டிகை வசூல் உட்பட. விளம்பரத்தில் சொன்ன தொகைக்கும் நிஜத்துக்கும் உள்ள வித்தியாசம் அதில் தெரியும். சொல்லும் கட்டணம் ஜி.எஸ்.டி. சேர்த்தா சேர்க்காமலா என்றும் கேளுங்கள். மெயின்டனன்ஸ் வருடத்துக்கு 8 சதவீதம் ஏறினால் ஒன்பது வருடத்தில் இரட்டிப்பாகும். 70 வயதில் 20,000 என்றால் 79-ஆவது வயதில் 40,000. என்னைப் போன்ற வங்கி ஓய்வூதியக்காரர் இதைப் பேப்பரில் போட்டுப் பார்ப்பது நல்லது. நமக்குப் பஞ்சப்படி நகர்கிற வேகம் தெரியுமே.

கிரயமாக வாங்குவதென்றால் தமிழ்நாடு ரெரா (கட்டுமானத் திட்டங்களைப் பதிவு செய்து கண்காணிக்கும் அரசு ஆணையம்) பதிவு எண், பிரிபடாத நிலத்தில் உங்கள் பாகம் எவ்வளவு, மறுவிற்பனையில் நிர்வாகம் பிடித்துக்கொள்ளும் கட்டணம் எவ்வளவு என்று பாருங்கள். பிள்ளைகளுக்கு வீடு போய்ச் சேரும், ஆனால் குறிப்பிட்ட வயதுக்குக் கீழே இருப்பவர் அங்கே குடியிருக்க முடியாது என்று பெரும்பாலும் விதி இருக்கும். அவர்களும் முதியவருக்குத்தான் விற்க முடியும். மத்திய வீட்டு வசதி அமைச்சகம் 2019-இல் ஓய்வுக்கால இல்லங்களுக்கான மாதிரி வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. கட்டியவர், சேவை தருபவர், குடியிருப்பவர் மூவரும் சேர்ந்து கையெழுத்திடும் ஒப்பந்தம் அதில் பேசப்படுகிறது. உங்களிடம் நீட்டப்படும் ஒப்பந்தத்தில் சேவை தருபவரின் கையெழுத்து இருக்கிறதா? இல்லையென்றால் நர்ஸ் வராததற்கு யாரைக் கேட்பீர்கள் என்று வக்கீலிடம் கேட்டுக்கொள்ளுங்கள். சண்டை முற்றினாலோ வழி தெரியாமல் நின்றாலோ 14567 என்ற முதியோர் உதவி எண் இருக்கிறது.

ஒன்பதாவது படி: ஊருக்குத் திரும்புங்கள்

மாதம் முடிந்த அன்றே முடிவு சொல்லாதீர்கள். சொந்த வீட்டுக்குப் போய் இன்னொரு மாதம் இருங்கள். எது ஞாபகம் வருகிறது, எது மறந்தே போய்விட்டது என்று பாருங்கள். இரண்டு பேரும் தனித்தனித் தாளில் எழுதி, பிறகு மாற்றிப் படித்துக்கொள்ளுங்கள். முதல் இடத்தைப் பற்றி நான் ஒரு பக்கம் எழுதியிருந்தேன். அவள் "மலை நல்லா இருந்தது" என்று ஒரு வரி எழுதியிருந்தாள்.

இரண்டாவது இடத்தைப் பற்றிச் சாதகமாக வந்தபோதும் நாங்கள் வாங்கவில்லை. 11 மாத வாடகை ஒப்பந்தம் போட்டோம், அதைப் புதுப்பித்தும் ஆயிற்று. திருச்சி வீட்டை வாடகைக்கு விட்டிருக்கிறோம். போன வாரம் குடித்தனக்காரர் போன் செய்தார், மாடித் தொட்டி ஒழுகுகிறதாம். பிளம்பர் நம்பரைக் கொடுத்துவிட்டு ஆட்டத்துக்குப் போனேன்.